தலைகீழ் வளையத்துக்கு எந்த வடிவம்? சீரற்ற வட்ட இயக்கத்தின் முடுக்கத்தை வைத்து ஓர் ஒப்பீடு

ரோலர் கோஸ்டர் ஒன்றில், தரைமட்டத் தண்டவாளத்திலிருந்து 20 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, உச்சியில் பயணிகளைத் தலைகீழாக்கி, மறுபுறம் இறங்கி வரும் செங்குத்து வளையம் அமைக்க வேண்டும் என்று கொள்வோம். உச்சியைக் கடக்கும்போது உடல் இருக்கையை விட்டு எழும்பிவிடக் கூடாது. வழக்கமான எடையில் பாதியளவாவது அங்கே இருக்கையின் மீது அழுந்தியிருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, வளையம் முழு வட்டமாக இருப்பதா, குளோத்தாய்டு எனப்படும் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பதா, அல்லது பயணி உணரும் எடை எங்கும் மாறாதபடி கணக்கிட்டு வளைத்த வடிவில் இருப்பதா என்பதே முடிவு செய்ய வேண்டிய கேள்வி. என் தேர்வு குளோத்தாய்டு. ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அதாவது வட்ட வளையத்தில் வேகம் அதிகம் என்பது, பாதி உண்மைதான். வேகம் இடத்துக்கு இடம் மாறும்போது ஆரம் மட்டும் மாறாமல் நிற்பதே வட்டத்தின் உண்மையான குறை.

சீரற்ற வட்ட இயக்கத்தில் முடுக்கத்துக்கு இரண்டு கூறுகள் உண்டு. வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது மையநோக்கு முடுக்கம். இது திசையை மாற்றும் வேலையைச் செய்கிறது. வேகம் கூடும் அல்லது குறையும் வீதம் தொடுகோட்டு முடுக்கம். இது பாதையின் திசையிலேயே முன்னோ பின்னோ அமைகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் தொகுபயன் முடுக்கத்தின் அளவு, இரண்டின் இருமடிகளையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைத்துவிடும். சீரான வட்ட இயக்கத்தில் முடுக்கம் எப்போதும் மையத்தையே நோக்கும் என்று படித்துப் பழகியவர்கள், வேகம் மாறும் இயக்கத்திலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். தொடுகோட்டுக் கூறு சுழியாகாத எந்தப் புள்ளியிலும் முடுக்கம் மையத்தை விட்டு விலகியே நிற்கும்.

உராய்வைத் தள்ளி வைத்தால், வளையத்தில் ஓடும் வண்டியின் தொடுகோட்டு முடுக்கத்தைத் தீர்மானிப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். பாதை கிடைமட்டத்தோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணத்தின் சைன் மதிப்பைப் புவியீர்ப்பு முடுக்கமான ஜி-யால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். வளையம் வட்டமா வேறு வடிவமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதேபோல, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வண்டியின் வேகம் என்ன என்பதையும் ஆற்றல் மாறா விதி முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே வடிவமைப்பாளரின் கையில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு புள்ளியிலும் தண்டவாளத்தின் வளைவு ஆரம். இந்த ஒப்பீடு முழுவதும், ஆரத்தை எங்கே எவ்வளவு வைப்பது என்ற கேள்விதான்.

கணக்குக்குள் நுழையுமுன் இன்னொன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பயணியின் உடல் உணர்வது அவருடைய முடுக்கத்தை அன்று. இருக்கை அவர் மீது செலுத்தும் விசையை. கீழ்ப்புள்ளியில் முடுக்கம் 5.5 ஜி என்றால் பயணி உணர்வது 6.5 ஜி, அதாவது வழக்கமான எடையைப்போல் 6.5 மடங்கு, ஏனெனில் இருக்கை அவரை வளைப்பதோடு அவருடைய எடையையும் தாங்க வேண்டியிருக்கிறது. உச்சியில் இது தலைகீழாகிறது: முடுக்கம் 1.5 ஜி என்றால், அதில் 1 ஜி-யைப் புவியீர்ப்பே தந்துவிடுவதால் இருக்கை தர வேண்டியது 0.5 ஜி மட்டுமே. பதினொன்றாம் வகுப்பில் செங்குத்து வட்டத்தில் சுழலும் கல்லுக்குக் கயிற்றின் இழுவிசை என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையை இங்கே இருக்கை செய்கிறது.

முதலில் வட்டம்

உயரம் 20 மீட்டர் என்றால் ஆரம் 10 மீட்டர். உச்சியில் 0.5 ஜி அழுத்தம் வேண்டும் என்பதால் அங்கே மையநோக்கு முடுக்கம் 1.5 ஜி ஆக வேண்டும். அதற்கு உச்சி வேகம் வினாடிக்கு 12.1 மீட்டர். 20 மீட்டர் கீழே இறங்கும்போது சேரும் வேகத்தையும் கணக்கில் கொண்டால், கீழ்ப்புள்ளியில் வேகம் வினாடிக்கு 23.2 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 84 கிலோமீட்டர். அங்கே மையநோக்கு முடுக்கம் 5.5 ஜி, பயணி உணர்வது 6.5 ஜி. சுமார் 5 கிலோ நிறையுள்ள தலையை, 32 கிலோ எடையைத் தாங்குவதுபோலக் கழுத்து தாங்க வேண்டியிருக்கும்.

பாதி உயரத்தில், தண்டவாளம் நேர்செங்குத்தாக நிற்கும் புள்ளியைப் பார்த்தால் சீரற்ற வட்ட இயக்கத்தின் இயல்பு தெளிவாகத் தெரியும். அங்கே மையநோக்கு முடுக்கம் 3.5 ஜி; தொடுகோட்டு முடுக்கம் முழுமையாக 1 ஜி, கீழ்நோக்கி. இரண்டும் சேர்ந்த தொகுபயன் 3.64 ஜி, அது மையத்தை நோக்காமல், மையத்தை நோக்கிய கோட்டிலிருந்து ஏறத்தாழ 16 பாகை கீழே சாய்ந்திருக்கிறது. பயணி உணர்வதோ 3.5 ஜி மட்டுமே. தொடுகோட்டுத் திசையில் வண்டியும் பயணியும் ஒன்றுபோலவே விழுந்துகொண்டிருப்பதால் அந்த 1 ஜி-யை உடல் உணர்வதில்லை.

ஒரு வட்ட வளையத்தில் கீழ்ப்புள்ளியில் உணரும் எடைக்கும் உச்சியில் உணரும் எடைக்கும் உள்ள வேறுபாடு, வளையம் பெரிதானாலும் சிறிதானாலும், வண்டி மெதுவாகப் போனாலும் விரைந்து போனாலும், சரியாக 6 ஜி. கீழிருந்து அளந்த கோணத்தின் கோசைனை 3 ஜி-யால் பெருக்கிய உறுப்பு மட்டுமே அந்த எடையில் இடத்துக்கு இடம் மாறுகிறது. கோசைன் மேலே −1, கீழே +1 என்பதால் வேறுபாடு 6 ஜி ஆகிறது. வேகத்தைக் குறைத்தால் கீழே உள்ள எண் குறையும். அதே அளவு உச்சியில் உள்ள எண்ணும் குறைந்து, பயணி பட்டையில் தொங்குவார். ஆரத்தைக் கூட்டினால் அதற்கேற்ப வேகமும் கூட்டப்பட வேண்டியிருப்பதால் எண்கள் அப்படியே நிற்கும். ஆகவே ‘இன்னும் பெரிய வட்டமாகக் கட்டினால் சரியாகிவிடும்’ என்ற யோசனைக்கு இடமே இல்லை.

அந்த 6 ஜி-யை மேலும் பிரித்துப் பார்க்கலாம். அதில் 2 ஜி, புவியீர்ப்பு கீழே இருக்கைக்கு எதிராகவும் மேலே இருக்கைக்குத் துணையாகவும் இருப்பதால் வருவது. மீதி 4 ஜி, மேலேயும் கீழேயும் வேகம் வேறுபடுவதால் மட்டுமே வருவது. வேகம் மாறாமல் ஓட்ட முடிந்தால் அந்த 4 ஜி மறைந்துவிடும். சர்க்கஸில் இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கி, இறங்கும்போது தளர்த்தி ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார். நம் 10 மீட்டர் வட்டத்தில் வினாடிக்கு 12.1 மீட்டர் என்ற வேகத்தை மாறாமல் வைத்திருந்தால் கீழே 2.5 ஜி போதும். ஆனால் 5 டன் எடையுள்ள வண்டித்தொடரை அந்த வேகத்தில் செங்குத்தாக ஏற்ற, அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஏறத்தாழ 590 கிலோவாட் திறன் தேவை. இறங்கும் பக்கத்தில் அதே அளவுக்குத் தடையும் போட வேண்டும். வளைந்து நிமிரும் தண்டவாளம் நெடுக மோட்டார்களைப் பொருத்தி இதைச் செய்வதைவிட, ஆரத்தை மாற்றுவது எவ்வளவோ மலிவானது என்பதால் இந்த நான்காவது வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

வட்டத்தின் இன்னொரு குறை நுழைவாயிலில் இருக்கிறது. நேரான தண்டவாளத்தில் மையநோக்கு முடுக்கம் சுழி. வட்டம் தொடங்கிய கணத்தில் அது 5.5 ஜி. இடையில் படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. 2 மீட்டர் நீளமுள்ள பெட்டி அந்த இணைப்பைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் பயணி உணரும் எடை 1 ஜி-யிலிருந்து 6.5 ஜி-க்குத் தாவுகிறது. முடுக்கத்தின் அளவைத் தாங்குவதற்குத் தசைகள் தயாராகும் முன்பே முடுக்கம் வந்து சேர்ந்துவிடுவதுதான் கழுத்துக் காயத்துக்கு வழி.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. நியூயார்க்கின் கோனி தீவில், சீ லயன் பார்க்கில் 1895-இல் இயங்கத் தொடங்கிய ஃபிளிப் ஃபிளாப் ரயில்வேயின் வளையம் சுமார் 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டம். பயணிகளின் கழுத்தையும் முதுகையும் பதம் பார்த்ததற்காகவே அது இன்று நினைவுகூரப்படுகிறது. அதில் 12 ஜி வரை எட்டியது என்று அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அந்த எண்ணை அப்படியே ஏற்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: இருக்கையின் அழுத்தம் வெறும் சுழியாக உச்சியைக் கடக்க அந்த வட்டத்துக்கு நுழைவு வேகம் மணிக்கு சுமார் 49 கிலோமீட்டர் போதும்; அப்போது கீழே உணர்வது 6 ஜி. 12 ஜி வர வேண்டுமென்றால் மணிக்கு 73 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்திருக்க வேண்டும். உச்சியிலும் 6 ஜி அழுத்தம் இருந்திருக்கும். உண்மை எங்கே இருந்தாலும், முதல் 6 ஜி வட்டத்தின் குற்றம், மீதி மிகை வேகத்தின் குற்றம் என்று பிரித்துச் சொல்வதே நியாயம். அதே கோனி தீவில் 1901-இல் எட்வின் பிரெஸ்காட் அமைத்த லூப் தி லூப், வட்டத்தை விட்டு நீள்வட்டத்துக்கு மாறியது. பயணம் மென்மையானது, ஆனால் ஒரு முறைக்கு ஏற்றக்கூடிய ஆட்கள் மிகக் குறைவு என்பதால் தொழிலாக நிலைக்கவில்லை.

குளோத்தாய்டு என்ன செய்கிறது

குளோத்தாய்டில் வளைவு, கடந்து வந்த தூரத்துக்கு நேர் விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். தொடக்கத்தில் வளைவு சுழி, அதாவது ஆரம் முடிவிலி. போகப்போக ஆரம் குறுகும். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த இந்த வளைகோடு, ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் நேர்ப்பகுதியை வட்டப்பகுதியோடு இணைக்கும் மாறுவளைவாக நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இந்திய ரயில்வே இதற்கு மிக நெருக்கமான முப்படிப் பரவளையத்தைப் பயன்படுத்துகிறது. கிடைமட்டத்தில் ரயிலுக்குப் பயன்பட்ட அதே கருத்தைச் செங்குத்தாக நிமிர்த்தியதுதான் நவீன வளையம். ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலின் கணக்கில், ஆன்டன் ஷ்வார்ஸ்கோப்ஃபின் நிறுவனம் கட்டி, 1976 மே மாதம் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டனில் திறக்கப்பட்ட ரெவல்யூஷன்தான் நவீன காலத்தில் செங்குத்து வளையத்தை வெற்றிகரமாக மீட்டெடுத்த முதல் கோஸ்டர். அதன் வளையம் சுமார் 27 மீட்டர் உயரம்.

நம் 20 மீட்டர் கணக்குக்கு வருவோம். கீழே சுழி வளைவில் தொடங்கி, உச்சியில் சரியாகத் தலைகீழாகும்படி ஒரு குளோத்தாய்டை வரைந்து, மறுபுறம் அதன் பிம்பத்தை இணைத்தால், உச்சியில் ஆரம் உயரத்தின் 0.315 மடங்காக அமைகிறது, அதாவது 6.3 மீட்டர். வட்டத்தில் இது 10 மீட்டர். ஆரம் சிறிதானதால் உச்சியில் அதே 0.5 ஜி அழுத்தத்துக்கு வினாடிக்கு 9.6 மீட்டர் வேகம் போதுமானது. கீழ்ப்புள்ளியில் வேகம் வினாடிக்கு 22 மீட்டர், மணிக்கு சுமார் 79 கிலோமீட்டர். வட்டத்தோடு ஒப்பிட்டால் நுழைவு வேகத்தில் மிச்சம் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன பாதி உண்மை இதுதான். வேகம் குறைந்ததால் குளோத்தாய்டு மென்மையானது என்று சொல்வது சரியன்று. வேகம் மிக அதிகமாக உள்ள இடத்தில் ஆரத்தை மிகப் பெரிதாகவும், வேகம் வடிந்த இடத்தில் ஆரத்தைச் சிறிதாகவும் வைத்ததால் கிடைத்த மென்மை அது.

எண்களைத் தொடர்ந்து பார்த்தால், கீழ்ப்புள்ளியில் நுழையும்போது பயணி உணர்வது வெறும் 1 ஜி. தண்டவாளம் 22 பாகை நிமிர்ந்த இடத்தில், தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில், 3.5 ஜி. ஏறத்தாழ 45 பாகையில், 5 மீட்டர் உயரத்தில் உச்ச அளவான 3.8 ஜி வருகிறது. அதன் பிறகு இறங்குமுகம்: தண்டவாளம் செங்குத்தாக நிற்கும் இடத்தில் 2.8 ஜி, 130 பாகையில் 1.3 ஜி, உச்சியில் 0.5 ஜி. அந்த 3.8 ஜி-யை எட்டுவதற்கு வண்டி 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் ஓட வேண்டியிருப்பதால் ஏறத்தாழ ஒரு வினாடி கிடைக்கிறது. ஒரே உயரம், உச்சியில் ஒரே அழுத்தம், ஏறக்குறைய ஒரே நுழைவு வேகம். இருந்தும் உச்ச அளவு 6.5-லிருந்து 3.8-க்கு இறங்கியிருக்கிறது.

இங்கே பாடப்புத்தகப் பழக்கம் ஒன்று ஏமாற்றிவிடும். செங்குத்து வட்டக் கணக்குகளில் கீழ்ப்புள்ளி, உச்சி ஆகிய இரண்டை மட்டும் சோதித்தால் போதும், ஏனெனில் வட்டத்தில் மிகப் பெரிய அளவும் மிகச் சிறிய அளவும் அந்த இரண்டில்தான் அமைகின்றன. அதே பழக்கத்தோடு குளோத்தாய்டைச் சோதித்தால் 1 ஜி, 0.5 ஜி என்ற இரண்டு சாதுவான எண்கள் கிடைக்கும். நடுவில் இருக்கும் 3.8 ஜி கண்ணில் படாது. ஆரம் மாறும் பாதையில் மையநோக்குக் கூறை ஒவ்வொரு புள்ளியிலும், அந்தப் புள்ளியின் வளைவு ஆரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலும் முழுக் குளோத்தாய்டைக் கட்டுவதில்லை. இரு பக்கமும் குளோத்தாய்டும் உச்சிப் பகுதியில் மட்டும் ஒரு சிறு வட்டவில்லுமாக இணைப்பது பழைய வழக்கம். இப்போது கணினியில் புள்ளிவாரியாக வளைவைச் செதுக்குகிறார்கள். அடிப்படைக் கருத்து அதேதான்.

மாறாத எடை என்னும் கவர்ச்சி

மூன்றாவது தேர்வு, கணக்குப் போடுபவர்களை முதல் பார்வையிலேயே மயக்கிவிடும். வேகத்துக்கு ஏற்ப ஆரத்தை மாற்றலாம் என்றால், பயணி உணரும் எடை வளையம் முழுவதும் ஒரே அளவாக இருக்கும்படியே ஏன் மாற்றக் கூடாது? கணக்கு இதற்கு மிக அழகான விடை தருகிறது. 20 மீட்டர் வளையத்தில் எங்கும் 2.5 ஜி என்று வைத்தால் நுழைவு வேகம் வினாடிக்கு 21.9 மீட்டர், குளோத்தாய்டுக்கு வேண்டிய வேகமும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. கீழே ஆரம் சுமார் 33 மீட்டர். உச்ச அளவு 3.8 இல்லை, 6.5 இல்லை, 2.5-தான்.

ஆனால் உச்சியில் ஆரம் 2.6 மீட்டர். சுமார் 2 மீட்டர் நீளமுள்ள பெட்டிகளைக் கோத்த வண்டித்தொடர் அந்த வளைவில் திரும்புவதே பெரும்பாடு. அதைவிட ஆழமான சிக்கல், நாம் இதுவரை போட்ட கணக்கு தண்டவாளத்துக்குத்தான், பயணிக்கு அன்று என்பதில் இருக்கிறது. அமர்ந்திருப்பவரின் இதயம் தண்டவாளத்திலிருந்து 1.2 மீட்டர் உள்ளே இருப்பதாகக் கொண்டால், அவர் சுற்றுவது 2.6 மீட்டர் ஆரத்தில் அன்று, 1.4 மீட்டர் ஆரத்தில். கோண வேகம் ஒன்றே என்பதால் மையநோக்கு முடுக்கம் ஆரத்தோடு நேர் விகிதத்தில் குறைகிறது: தண்டவாளத்தில் 3.5 ஜி, இதயத்தில் 1.9 ஜி. ஆகவே அந்த உச்சியில் பாதங்கள் 2.5 ஜி உணரும்போது மார்பு 0.9 ஜி உணர்கிறது. தலை அதைவிடக் குறைவாக. மாறாத எடை என்ற வாக்குறுதி ஓர் உடலின் நீளத்துக்குள்ளேயே உடைந்துவிடுகிறது. குளோத்தாய்டிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆனால் ஆரம் 6.3 மீட்டர் என்பதால் உச்சியில் 0.5 ஜி என்பது மார்பில் 0.2 ஜி ஆகக் குறைவதோடு நின்றுவிடுகிறது. பாதையைத் தண்டவாளத்தின் நடுக்கோட்டை வைத்து வரையாமல் பயணியின் மார்பு செல்லும் கோட்டை வைத்து வரைய வேண்டும் என்ற ஹார்ட்லைன் கொள்கை இதிலிருந்து எழுந்ததுதான். அதிலும் ஸ்டெங்கலின் பெயரே முன்னிற்கிறது.

இதற்குச் சற்று நெகிழ்வான ஒரு கிளையும் உண்டு. உணரும் எடையை விட்டுவிட்டு மையநோக்கு முடுக்கத்தை மட்டும் மாறாமல் 2 ஜி என்று வைத்தால், கீழே 3 ஜி, மேலே 1 ஜி, வேறுபாடு 2 ஜி மட்டுமே. ஆனால் உச்சி ஆரம் 3.1 மீட்டர்தான் வருகிறது. சிக்கல் குறைகிறதே தவிர நீங்கவில்லை. மேலும் இந்த இரண்டு வடிவங்களிலும் நுழைவாயிலில் தாவல் மிச்சமிருக்கிறது: நேர்ப்பாதையின் 1 ஜி-யிலிருந்து ஒரே கணத்தில் 2.5-க்கோ 3-க்கோ எகிறும். அதைச் சரிசெய்ய முன்னால் ஒரு மாறுவளைவைச் சேர்க்க வேண்டும்; அப்படிச் சேர்த்தால் சுற்றிவளைத்துக் குளோத்தாய்டுக்கே வந்து நிற்கிறோம்.

கணக்குக்கு வெளியே ஒரு காரணமும் இருக்கிறது. கேளிக்கைப் பூங்காவுக்கு வருபவர் சமமான அழுத்தத்தைத் தேடி வருவதில்லை. கீழே அழுந்தி, உச்சியில் ஒரு கணம் இலேசாகி, மீண்டும் அழுந்தும் அந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் வரிசையில் நிற்கிறார். எங்கும் 2.5 ஜி என்றால் கண்ணை மூடிக்கொண்டவருக்குத் தலைகீழானதே தெரியாமல் போகலாம். அத்துடன், குருதியைக் கால் பக்கம் தள்ளும் அழுத்தத்தை உடல் தாங்குவது அளவை மட்டுமன்றி நீடிக்கும் நேரத்தையும் பொறுத்தது. சவாரிகளுக்கான பாதுகாப்புத் தரநிலைகள் நேரம் நீள நீள அனுமதிக்கும் அளவைக் குறைப்பதும் இதனால்தான். மிதமான எடையானாலும் இடைவெளியின்றி நீடிப்பதைவிட, சற்று அதிகமாக வந்து உடனே தளர்வது பல உடல்களுக்கு எளிது.

வண்டி ஒரு புள்ளி அன்று

மூன்று வடிவங்களையும் ஒப்பிட்டபோது வண்டியை ஒரே புள்ளியாகக் கொண்டோம். உண்மையான வண்டித்தொடருக்கு நீளம் உண்டு. கோக்கப்பட்டிருப்பதால் எல்லாப் பெட்டிகளும் எந்தக் கணத்திலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். முதல் பெட்டி உச்சியை எட்டும்போது மற்றவை இன்னும் கீழே ஏறிக்கொண்டிருப்பதால் தொடரின் நிறைமையம் தாழ்ந்தே இருக்கும். வேகம் இன்னும் முழுமையாக வடிந்திருக்காது. நடுப் பெட்டி உச்சியில் இருக்கும்போதுதான் தொடர் மிக மெதுவாக ஓடுகிறது. ஆகவே உச்சியில் மிகவும் இலேசாக உணர்பவர் நடுப் பெட்டிக்காரர். முதல், கடைசிப் பெட்டிக்காரர்கள் அதே இடத்தைச் சற்று அதிக அழுத்தத்தோடு கடக்கிறார்கள். 0.5 ஜி என்ற நம் நிபந்தனையை நடுப் பெட்டிக்கு வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

உராய்வும் காற்றின் தடையும் வேகத்தைத் தின்பதால் நுழைவு வேகத்தை மேலே சொன்ன எண்களைவிடக் கூட்டியே வைப்பார்கள். அப்படிக் கூட்டும்போது வட்டத்தில் ஏற்கனவே உள்ள 6.5 ஜி இன்னும் ஏறும்; குளோத்தாய்டில் 3.8-க்கு மேல் ஏறுவதற்கு இடம் இருக்கிறது. குளிர்காலக் காலையில் மசகு இறுகி மெதுவாக ஓடும் வண்டிக்கும், வெயில் ஏறிய பிற்பகலில் முழுச் சுமையோடு விரையும் வண்டிக்கும் ஒரே வளையம் பொருந்தியாக வேண்டும் என்பதால், இந்த இடவசதி காகிதத்தில் தோன்றுவதைவிட மதிப்புள்ளது. தண்டவாளத்தின் அடியிலும் சக்கரங்கள் பற்றியிருப்பதால் வண்டி உச்சியிலிருந்து விழாது. ஏறி முடிக்க முடியாமல் பின்னோக்கி உருள்வதே வேகக் குறைவின் உண்மையான ஆபத்து.

செலவைப் பொறுத்தவரை வட்டம்தான் மலிவு. ஒரே ஆரத்தில் குழாயை வளைக்க எந்திரத்தை ஒருமுறை அமைத்தால் போதும். குளோத்தாய்டுக்கு அடிக்கு அடி வளைவு மாறுவதோடு தண்டவாள நீளமும் கூடுகிறது: நம் உயரத்துக்கு வட்டம் 63 மீட்டர், குளோத்தாய்டு 79 மீட்டர். ஆட்களை ஏற்றும் வளையத்தில் இந்த வேறுபாட்டைக் காரணமாகக் காட்ட முடியாது.

ஆட்களை ஏற்றாத வளையத்துக்கு என் முடிவு வேறு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்ய விரும்பும் மாணவர்கள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பிலேயே கண்ணீர்த்துளி வடிவத்தை வளைக்க முனைகிறார்கள். அவர்களுக்கு வட்டமே தகுந்தது, ஏனெனில் கணக்கை அளந்து சரிபார்க்க முடிவது அதில்தான். உராய்வின்றி வழுக்கும் பொருளுக்கு, கீழ்ப்புள்ளியிலிருந்து ஆரத்தைப்போல் 2.5 மடங்கு உயரத்திலிருந்து விட்டால் வட்டத்தை முடித்துவிடும். உருளும் திண்மக் கோலி சுழற்சிக்கும் ஆற்றலைச் செலவிடுவதால் அதற்கு 2.7 மடங்கு வேண்டும். ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 25, 27 என்ற இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 2 சென்டிமீட்டரைச் சாதாரண அளவுகோலிலேயே காணலாம். உராய்வுக்காக 32-இல் தொடங்கி, சிறிது சிறிதாகக் கீழே இறக்கி, கோலி உச்சியில் தண்டவாளத்தை விட்டுப் பிரியும் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வளையம் செய்ய வசதியில்லாதவர்களுக்குப் பூங்காவின் ஊஞ்சல் போதும். அதுவும் சீரற்ற வட்ட இயக்கமே. கைபேசியின் முடுக்கமானி காட்டுவது முடுக்கத்தை அன்று, உணரும் எடையை என்பதை நினைவில் வைத்து, அதை இருக்கையில் இறுகக் கட்டி, 60 பாகை வரை இழுத்து விட்டால், விட்ட கணத்தில் கயிற்றின் திசையில் 0.5 ஜி-யும் கீழ்ப்புள்ளியில் 2 ஜி-யும் காட்ட வேண்டும். காற்றின் தடையால் இரண்டாவது எண் சற்றுக் குறையும். முதல் எண் பெரிதாகப் பிசகினால், இழுத்த கோணத்தைத்தான் முதலில் மறுபடி அளக்க வேண்டும்.